வன்னியில் வெள்ளைக்காரன் எதைக் கெடுத்தான்?

தொடக்கக் கேள்வி: பரந்தன் பொடியன், 4 பெப்ரவரி 2024

ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் ஏகாதிபத்தியம் சுரண்டியது, கொள்ளையடித்தது என்று எழுதுகிறார்கள். கொழும்புக்கும் கண்டிக்கும் அது சரி. வட இலங்கையின் இந்த வன்னியில் எதைச் சுரண்டினான்? இங்கே தேயிலை இல்லை, கறுவா இல்லை, சுரங்கம் இல்லை. போர்த்துக்கீசன் கோட்டை கட்டினான், ஒல்லாந்தன் யானை பிடித்தான், அவ்வளவுதான். இங்கிலீஸ்காரன் இரணைமடுக் குளத்தைக் கட்டினான், ரயில் விட்டான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நமக்கு லாபம்தானே? உணர்ச்சிவசப்படாமல் யாராவது பதில் சொல்லுங்கள்.

வாய்க்கால்கரை, 4 பெப்ரவரி, இரவு

உணர்ச்சிவசப்படாமல் என்னால் முடியாது தம்பி. ஆதாரத்தோடு முடியும்.

உங்கள் வீட்டுக் காணி உறுதி எழுதிய சொந்தக் காணியா, அரசு அனுமதித் தாளில் தந்த பெர்மிட் காணியா? பரந்தன், கிளிநொச்சிப் பக்கம் பல வீடுகள் பெர்மிட்தான். உங்கள் தாத்தா காடு வெட்டி, கட்டை பிடுங்கி, கிணறு தோண்டி, தென்னை வைத்த மண்ணாக இருக்கும். ஆனாலும் அது அரச காணி. நீங்கள் அதில் நிபந்தனையோடு இருப்பவர். இது எங்கிருந்து வந்தது?

1840ஆம் ஆண்டு 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடு, தரிசு, ஆள் குடியிராத நிலம், பயிர் செய்யாத நிலம் எல்லாம் முடிக்குரியது என்று அனுமானிக்கப்படும். இல்லை, என்னுடையது என்று நிரூபிக்க வேண்டியது குடியானவன். அதே பிரிவில், காடு வெட்டி எரித்துப் பயிரிடும் சேனையைப் பற்றியும் ஒரு வாசகம் இருக்கிறது. கண்டி மாகாணங்களில் சேனை நிலத்துக்கு அரசன் கொடுத்த சாசனம் போல ஏதாவது காட்டாவிட்டால் அது முடிக்குரியது. மற்ற மாவட்டங்களில் சேனை நிலம் காடாகவே கொள்ளப்படும். வன்னி அந்த மற்ற மாவட்டங்களில் அடங்கியது.

சேனை எப்படிச் செய்வார்கள் என்று வயதானவர்களைக் கேளுங்கள். ஒரு துண்டை வெட்டி எரித்து, குரக்கன், எள்ளு, பயறு போட்டு, மண் சோர்ந்ததும் விட்டுவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார்கள். சில வருடம் கழித்து, பற்றை எழுந்து மண் தெளிந்த பிறகு, பழைய இடத்துக்கே வருவார்கள். யார் எந்தத் துண்டுக்கு வருவது என்பது ஊருக்குத் தெரியும். தாளில் கிடையாது. ஓய்வில் கிடக்கும் அந்த நிலத்தைச் சட்டம் சொந்தக்காரன் இல்லாத காடு என்று எழுதிக்கொண்டது. குளமும் வயலும் வீட்டு வளவும் ஊருக்கு மிஞ்சின. மாடு மேயும் தரவை, தேன் எடுக்கும் காடு, சேனை எல்லாம் ஒரே நாளில் அந்நியமாகிவிட்டன. ஒரு வெடிகூட வெடிக்காமல் இது நடந்தது.

இந்தச் சட்டத்தை வன்னியை நினைத்து எழுதவில்லை. மலைநாட்டில் கோப்பி போட நிலம் தேவைப்பட்டது. ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் கன்னொருவையில் தானே கோப்பி போட்டவர். பின்னால் வந்த அரசாங்க உத்தியோகத்தர்கள் ஏக்கர் 5 சிலிங்குக்கு முடிக்குரிய நிலத்தை வாங்கிக் குவித்தார்கள். சட்டம் எழுதிய கூட்டத்தில் இருந்தவர்களே நிலம் வாங்கிய கூட்டத்திலும் இருந்தார்கள். அவர்களுக்கு வசதியாக எழுதிய சட்டம், கோப்பி முளைக்காத எங்கள் மண்ணிலும் பாய்ந்தது.

இன்றும் இலங்கையில் 80 வீதத்துக்கு மேல் அரச காணி. 1948இல் சொந்தக்காரர் மாறினார், சட்டத்தின் எலும்பு மாறவில்லை.

வாய்க்கால்கரை, 5 பெப்ரவரி

"யானை பிடித்தான், அவ்வளவுதான்" என்ற இடத்துக்குத் திரும்புகிறேன்.

வன்னியர்கள் என்ற இந்த நிலத்துத் தலைவர்கள் முதலில் போர்த்துக்கீசருக்கு, பிறகு ஒல்லாந்தருக்கு, வருடா வருடம் யானைகளைத் திறையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. பிடித்த யானைகளை ஆனையிறவுக் கடலேரி கடந்து யாழ்ப்பாணம் கொண்டுபோவார்கள். அங்கே இந்திய வணிகர்கள் வாங்கிக் கப்பலேற்றுவார்கள். காசு ஒல்லாந்தரின் வணிகக் கம்பனிக்கு. யானையைக் கண்டு, வளைத்து, பிடித்து, பழக்கிய உழைப்பு வன்னி ஆட்களுடையது. வயலும் சேனையும் கிடக்க அவர்கள் காட்டில் கிடந்தார்கள்.

கொடுக்க முடியாத வருடம் பாக்கியாக ஏறும். பாக்கி ஏறினால் படை வரும். 1780களின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் அப்படித்தான் வன்னியர்களின் ஆட்சிப் பகுதிகளான வன்னிமைகளை அடக்கி நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தார்கள். தோமஸ் நாகல் என்ற படை அதிகாரியை வன்னிக்கு அதிகாரியாக வைத்தார்கள். அதற்கு முன்பு எத்தனையோ தலைமுறையாக இந்த நிலத்தை ஆண்டவர்கள் இந்த நிலத்தில் பிறந்தவர்கள்.

வாய்க்கால்கரை, 6 பெப்ரவரி

ஒட்டுசுட்டான்காரர், வன்னியின் தலைவன் பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கொல்லப்பட்டான் என்று எழுதியிருக்கிறார். அங்கே ஆங்கிலேயர் நாட்டிய கல் அப்படிச் சொல்லவில்லை. கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்தார் என்றுதான் அதில் இருந்தது. கொன்றிருந்தால் அதையும் வெட்டியிருப்பார்கள், விட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. அவனைத் தனி ஒருவனின் வீரமாகவே நாடக மேடையில் பார்த்துப் பழகிவிட்டோம், யார் காட்டிக்கொடுத்தது என்பதிலேயே கதை முடிந்துவிடுகிறது. அந்த வருடம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1803 ஜூனில் கண்டியில் மேஜர் டேவியின் படை சரணடைந்து அழிந்தது. ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கிப் பிடித்தான். வெள்ளைக்காரனின் கை கண்டியில் ஒடிந்த நேரத்தில் வன்னியிலிருந்தும் அடித்தான். நிலைமையை அளந்து பார்த்து எடுத்த முடிவு அது. அந்த அறிவை விட்டுவிட்டு வாளை மட்டும் கொண்டாடுவது அவனுக்குச் செய்யும் மரியாதையாக எனக்குப் படவில்லை.

வாய்க்கால்கரை, 6 பெப்ரவரி, பிந்தி

கற்சிலைமடுக் கல் உடைக்கப்பட்ட செய்தி 2010இல் வந்தது. தோல்வியைச் சொன்ன கல்தான் அது. அதுவும் இல்லாமல் போனது எனக்கு வலித்தது.

வாய்க்கால்கரை, 9 பெப்ரவரி

"அவர்கள் ஏன் வந்தார்கள்? மதம் பரப்பவா, காசுக்கா?" என்று மாங்குளம் அண்ணை கேட்டிருக்கிறார்.

போர்த்துக்கீசரைப் பொறுத்தவரை இரண்டையும் பிரிக்க முடியாது. 1494இல் தோர்தெசில்லாஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயினும் போர்த்துக்கலும் உலகத்தைக் கோடு கிழித்துப் பங்கு போட்டன. மிளகும் கறுவாவும் அராபிய வணிகர் கையால் போகாமல் தங்கள் கப்பலில் போக வேண்டும், அதோடு வேதமும் பரவ வேண்டும். மன்னாரில் இது இரத்தமாகவே வெளிப்பட்டது. 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் மதம் மாறிய மன்னார் மக்களைக் கொன்றான். அது கொடுமை, அதை மறைக்க நான் தயாரில்லை. 1560இல் கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சாவின் படை வந்தது, மன்னாரில் கோட்டை எழுந்தது. முத்துக் குளிக்கும் கடல் கோட்டைக்கு முன்னால். 1619இல் பிலிப்பே த ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்தான், அங்கே கடைசி அரசனாக இருந்த இன்னொரு சங்கிலி கோவாவில் உயிர்விட்டான்.

ஒல்லாந்தர் வேறு வகை. 1602இல் தொடங்கிய கம்பனி. பங்கு வாங்கியவனுக்கு இலாபம் கொடுக்க வேண்டும். கத்தோலிக்கத்தைத் தடை செய்தார்கள்தான், ஆனால் அவர்களுடைய கண் வரவு செலவில் இருந்தது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் அவர்கள் கைக்குப் போயின.

ஆங்கிலேயர் வந்த கதைதான் எனக்கு மிகவும் அநியாயமாகப் படுகிறது. 1795 ஜனவரியில் பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. ஒல்லாந்தின் தலைவராக இருந்த ஒரேஞ் இளவரசர் இங்கிலாந்துக்கு ஓடினார். லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் இருந்துகொண்டு, ஒல்லாந்தக் கோட்டைகளுக்குள் ஆங்கிலேயரை விடும்படி கடிதங்கள் எழுதினார். ஆங்கிலேயருக்குத் திருகோணமலை வேண்டும். சோழமண்டலக் கரையில் வாடைக்காற்றுக்கு ஒதுங்கக் கப்பலுக்குத் துறை இல்லை, பிரெஞ்சுக்காரன் கையில் திருகோணமலை போனால் சென்னைக்கே ஆபத்து. ஓகஸ்டில் திருகோணமலை, செப்டெம்பரில் யாழ்ப்பாணம், ஒக்டோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு. பாரிசில் ஒரு ராசாவின் தலை போனதற்கு முல்லைத்தீவில் கொடி மாறியது. அந்தக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரணம் என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன். எங்கள்மேல் அவர்களுக்குப் பகையும் இல்லை, பாசமும் இல்லை. எங்கேயோ நடந்த பேரத்தில் நாங்கள் சில்லறையாகக் கைமாறினோம்.

வாய்க்கால்கரை, 10 பெப்ரவரி

வெட்டு மெசின் நாளைக்கு எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது. சூடு அடித்து, நெல் காய்ந்து மூட்டை ஏறிய பிறகுதான் இனி எழுதுவேன். குளத்தைப் பற்றிய கேள்வியை மறக்கவில்லை.

வாய்க்கால்கரை, 3 மார்ச்

குளம்.

இரணைமடு வேலை 1902இல் தொடங்கி 1920களில் ஒப்பேறியது, கட்டியது வெள்ளைக்கார அரசு. நான் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள், அதை மறுத்தால் வாய் வேகும். சிறுபோகத்துக்கு முதல் தண்ணீர் திறக்கும் நாளில் நான் குளக்கட்டுக்குப் போய்விடுவேன். துருசு என்ற மதகின் கதவைத் திருகத் திருக முதலில் இரும்பு அலறும், ஒன்றும் வராது. அப்புறம் கீழே இருட்டுக்குள் ஒரு உறுமல். சேறும் பாசியும் கலந்த கறுப்புத் தண்ணீர் ஒரு முழம் எட்டிப் பாய்ந்து, பின்னாலேயே தெளிந்தது வரும். வயல் தண்ணீரைக் கவனிக்கும் வட்டவிதானை தேங்காய் உடைப்பார். கனகராயன் ஆறு அவ்வளவு தூரம் ஓடி வந்து எங்கள் வயலுக்குள் நுழையும் நேரம் அது.

ஆனால் இரணைமடுவுக்கு முன்னால் வன்னியில் குளமே இல்லையா? காட்டுக்குள் எங்கே நடந்தாலும் ஒரு பழைய குளக்கட்டு காலில் தட்டும். நூற்றுக்கணக்கான சிறு குளங்கள், ஒன்றில் நிரம்பி வழியும் தண்ணீர் மற்றதுக்குப் போகும்படி கட்டியவை. அவை எப்போது பாழானது? இதில் எனக்கு முதலில் இருந்த கோபத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பல பெருங்குளங்கள் 13ஆம் நூற்றாண்டளவில், பொலன்னறுவை அரசு சரிந்த காலத்திலேயே உடைந்தவை. போர்த்துக்கீசன் அப்போது இந்தக் கடலையே காணவில்லை. அந்தப் பழியை அவன்மேல் போட முடியாது.

சிறு குளங்களின் கதை வேறு. அவற்றை ஊரே சேர்ந்து பராமரித்தது. மழைக்கு முன் கட்டுக்கு மண் போடுவது, துருசைத் துப்புரவாக்குவது, வாய்க்கால் வெட்டுவது எல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று முறை. 1832இல் ராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லது என்றே நானும் சொல்வேன், அதில் மேலே இருந்தவன் கீழே இருந்தவனைப் பிழிந்தான். ஆனால் அதோடு சேர்த்துக் குளத்து வேலைக்கு ஆளைக் கூப்பிடும் அதிகாரமும் அறுந்தது. அதற்குப் பதிலாக எதையும் வைக்கவில்லை. கட்டு ஒரு மாரியில் உடைந்தால் அடுத்த மாரிக்குள் அடைக்க ஆள் இல்லை. 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் போட்டு, பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று அரசே சொல்ல வேண்டி வந்தது. இடையில் கிட்டத்தட்ட ஒரு தலைமுறைக் காலம் போய்விட்டது. தண்ணீர் இல்லாத ஊரில் பசி, பசி உள்ள ஊரில் காய்ச்சலும் பறங்கி என்ற புண் நோயும். பறங்கி நோயைப் பற்றி அரசாங்க வைத்திய அதிகாரி கின்சி 1881இல் அறிக்கையே எழுத வேண்டிய நிலை. வன்னியில் சனம் இல்லை, வெறுங்காடு என்று பிறகு எழுதினார்கள். சனம் எப்படி இல்லாமல் போனது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் அல்லவா?

வாய்க்கால்கரை, 3 மார்ச், இன்னொன்று

ரயில். வடக்குப் பாதை 1905இல் முழுதாகத் திறந்தது, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி எல்லாம் அதில் வரும். சரி, நன்மைதான். ஆனால் வன்னியை ஊடறுத்து இன்னொரு பாதையும் இருக்கிறதே, மதவாச்சியிலிருந்து செட்டிகுளம், மடு வீதி, முருங்கன் வழியாகத் தலைமன்னாருக்கு. 1914இல் அது கப்பலோடு சேர்ந்து திறந்தது. மன்னார் சனம் கொழும்புக்குப் போகவா போட்டார்கள்? அந்தப் பக்கம் தனுஷ்கோடி, இந்தப் பக்கம் தேயிலைத் தோட்டம். நடுவில் ஆட்களை ஏற்றி இறக்க ஒரு பாதை தேவைப்பட்டது.

இதைத் தனியாக எழுத வேண்டும்.

வாய்க்கால்கரை, 8 மார்ச்

எழுதுகிறேன். நீளமாகப் போகும்.

ரயிலுக்கு முன்பு அந்த வழியை நடந்தார்கள். 1830களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவை. ஆங்கிலேயர் தங்கள் மற்றக் காலனிகள் பலவற்றில் அடிமை முறையை ஒழித்த அதே காலம், கூலிக்கு ஆள் தேடிய காலமும் அதுதான். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்து ஊர்களில் கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். அந்த முன்பணமே கழுத்துக் கயிறு. தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காடு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை என்று நடை. தண்ணீர் இல்லாத காடு. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல். விழுந்தவர்களை எடுத்துப்போக யாருமில்லை.

என் அப்பாயியின் தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் அப்படி நடந்து வந்தவர். 1876இலிருந்து 78 வரை சென்னை மாகாணத்தில் சனம் செத்து விழுந்த பஞ்சம். காய்ச்சல் வந்தவரை மரத்தடியில் படுக்க வைத்து, சிரட்டையில் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றவர்கள் நடந்ததாக அப்பாயி சொல்வார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று கங்காணி சொல்வானாம். இதைச் சொல்லும்போது அப்பாயி அழமாட்டார். வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வார்.

பரந்தன் தம்பி, வன்னியில் தோட்டம் இல்லை என்று எழுதினீர்கள். தோட்டத்துக்குப் போகும் வழியில் செத்தவர்கள் மன்னாரிலிருந்து தொடங்கும் இந்தக் காட்டில்தான் கிடக்கிறார்கள். ஒரு கல்லும் இல்லை.

1869இல் கோப்பியில் இலைநோய் பிடித்தது, பிறகு தேயிலை வந்தது. ஆள் அதே ஆள், லயம் என்ற தோட்டத்து வரிசை வீடும் அதேதான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் உட்கார்ந்து 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தன. முல்லைத்தீவு கைமாறியதைப் பற்றி முன்பு எழுதினேனே, அதே பேரம் இம்முறை ஆட்களை வைத்து நடந்தது. செய்தவர்கள் இப்போது வெள்ளைக்காரர் இல்லை. ஆனால் கூலியைத் தலையெண்ணும் பழக்கம் அவர்கள் விட்டுப்போனது.

அப்பா மாத்தளைப் பக்கத்தில் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். 1977 ஓகஸ்ட் கலவரத்தில் லயங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். நாங்கள் லொறியில் வவுனியா வந்து, பிறகு இங்கே வந்தோம். முறிகண்டிப் பிள்ளையாரடியில் லொறியை நிறுத்தினார்கள். எங்களிடம் உடைக்கத் தேங்காய் இல்லை, யாரோ ஒரு அம்மா தன்னுடையதைத் தந்தார். அப்பா கொண்டுவந்த ஒரே ஆயுதம் கவ்வாத்துக் கத்தி. தேயிலைச் செடியின் கிளையைச் சரித்து வெட்ட வளைத்துச் செய்த கத்தி அது. அதை வைத்துத்தான் இங்கே பற்றையை வெட்டத் தொடங்கினார். வீரை, பாலை மரங்களில் பட்டு விளிம்பு தெறிக்கும். மாலையில் கல்லில் தீட்டிக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு கோடரி வாங்கினார், கத்தி கூரையில் செருகியபடி கிடந்தது. 2009 தைமாதம் போரால் நாங்கள் வெளிக்கிடும்போதும் அது அங்கேதான் இருந்தது.

நடந்து வந்தவரின் பேரப்பிள்ளைகள் ஒரு நூற்றாண்டு கழித்து மலையிலிருந்து இறங்கி, அவர் வந்த திசைக்கே திரும்பியிருக்கிறோம். ஏகாதிபத்தியத்தின் விளைவு என்ன என்று கேட்டீர்கள். நான் வன்னியில் இருப்பதே ஒரு விளைவு.

வாய்க்கால்கரை, 9 மார்ச்

"சோழனும்தானே படையெடுத்தான், அதைச் சொல்லமாட்டீர்கள்" என்று ஒருவர் வந்திருக்கிறார்.

சொல்கிறேன். சோழர் 993 அளவில் அனுராதபுரத்தைப் பிடித்தார்கள், இராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்தனையே சிறைபிடித்துக்கொண்டு போனார்கள். கொள்ளையடித்தார்கள், திறை வாங்கினார்கள். தமிழன் செய்தால் அது புண்ணியமாகாது.

வேறுபாடு எங்கே என்று கேட்டால், பழைய அரசர்கள் விளைச்சலில் பங்கு கேட்டார்கள், நிலத்தை ஏக்கர் கணக்கில் கடலுக்கு அப்பால் இருப்பவனுக்கு விற்கவில்லை. ஒரு சமூகத்தையே ஒரு பயிருக்காகப் பிடுங்கி வேறு நாட்டில் நடவில்லை. கொடுமையின் அளவைப் பற்றி நான் பேசவில்லை, வகையைப் பற்றிப் பேசுகிறேன். படை போனபின்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒழுங்கை விட்டுச்செல்வது ஐரோப்பிய ஆட்சியின் வகை. 1840 சட்டத்தை நடத்த இன்று ஒரு வெள்ளைக்காரரும் வேண்டியதில்லை.

வாய்க்கால்கரை, 11 மார்ச்

இதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிளிநொச்சிக்குக் குடியேற்றத் திட்டம் 1936இல் வந்தது, யாழ்ப்பாணத்து நெரிசலையும் வேலையின்மையையும் குறைக்க. எங்கள் ஆட்கள் பிறகு வந்தபோது பலருக்குக் கிடைத்தது மற்றவர் வயலில் நாட்கூலி. பள்ளிக்கூடத்தில் என்னைத் தோட்டக்காட்டாள் என்றார்கள். சொன்ன பிள்ளைகளும் என் நிறம்தான், என் மொழிதான், கும்பிடும் பிள்ளையாரும் ஒன்றுதான்.

இதை வெள்ளைக்காரன் சொல்லித்தரவில்லை. சாதி அவனுக்கு முந்தியது. ஆனால் அவன் அதைத் தாளில் ஏற்றினான். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தபோது அடிமைகளைப் பற்றியும் அதில் எழுதினார், உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரி என்றார்கள். வழக்கமாக இருந்தது சட்டமானது. இலங்கையில் அடிமைமுறை 1844 வரை சட்டத்தில் இருந்தது. வழக்கம் என்றால் காலத்தோடு வளைந்து கொடுக்கும், சட்டப் புத்தகத்துக்குள் போனால் அப்படியே விறைத்து நிற்கும்.

அண்ணைமார் கோபிக்கலாம். கோபித்துவிட்டு உங்கள் வயலில் நாற்று நட வருபவர்களுக்குக் காணி இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வாய்க்கால்கரை, 17 மார்ச்

எங்கள் பெர்மிட்டின் கதை என்ன என்று நெடுங்கேணித் தங்கச்சி கேட்டதற்கு.

அப்பாவுக்குப் பிரஜாவுரிமைத் தாள் வந்த பிறகுதான் பெர்மிட் கிடைத்தது. காணி கொடுக்க அரசு கூட்டும் காணிக் கச்சேரிக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனார். அந்தப் பெர்மிட்டை ஷொப்பிங் பைக்குள் சுற்றி, அதை இன்னொரு பைக்குள் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் அம்மா நெஞ்சோடு வைத்திருந்தார். போரின் கடைசியில் மாத்தளன் கடற்கரை மணலிலும் அது நனையவில்லை. மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் எடுத்து விரித்தபோது மடிப்பில் மட்டும் எழுத்து அழிந்திருந்தது. பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர்களிடம் அதுவும் இல்லை. திரும்பி வந்த பிறகு எங்கள் கிணற்றையும் எங்கள் மாமரத்தையும் எங்களுடையது என்று காட்டச் சாட்சி தேடி அலைந்த குடும்பங்கள் எத்தனையோ.

அந்தத் தாள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. டி. எஸ். சேனநாயக்க காணி அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம், ஆட்சி அப்போதும் வெள்ளைக்காரனுடையது. அரசனின் காணியைக் குடியானவனுக்குக் கொடு, ஆனால் விற்க விடாதே, துண்டாட விடாதே. ஏழை நிலத்தை இழக்கக் கூடாது என்ற நல்ல எண்ணமும் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணியைப் பெறுபவரை, நியமிக்காமல் ஒருவர் இறந்தால் யாருக்குப் போகும் என்று ஒரு அட்டவணை வைத்தார்கள். மகன்கள் முதலில், மகள்கள் பிறகு. இளையவரை விட மூத்தவருக்கு முன்னுரிமை.

தேசவழமையில் பெண்ணுக்குச் சீதனமாகக் காணி போகும். எங்கள் மலையகக் குடும்பங்களுக்குத் தேசவழமையும் பொருந்தாது. அப்பா யாரையும் நியமிக்காமல் போய்விட்டார். விதைப்பும் வெட்டும் வாய்க்கால் சண்டையும் என்னுடையவை. அண்ணன் பிரான்சில். அவர் நல்லவர், "நீயே வைத்துக்கொள்" என்று கடிதம் தந்தார். ஒரு அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை வாசித்தவர் என்னிடம் திருப்பித் தந்து, "மூத்த ஆண்பிள்ளை இருக்கிறாரே" என்றார். அவர் தன் கடமையைத்தான் செய்தார் என்று தெரியும். ஆனாலும் அன்றைக்கு வெளியே வந்து வாகை மரத்தடியில் நின்று அழுதேன்.

2022இல் திருத்தம் வந்தது, மகன், மகள் என்ற வேறுபாட்டை எடுத்தார்கள். 87 வருடம் எடுத்திருக்கிறது.

வாய்க்கால்கரை, 18 மார்ச்

பரந்தன் தம்பி தனிச் செய்தியில் கேட்டதை இங்கேயே எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். வீட்டுக் காணி பெர்மிட்தானாம், அப்பா உயிரோடு இருக்கிறாராம்.

அப்படியென்றால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்தில் காணிப் பகுதிக்குப் போங்கள். பின்னுரித்தாளர் நியமனப் படிவத்தை நிரப்பி, அது காணிப் பதிவகத்தில் பதிவாகும் வரை விடாதீர்கள். பதிவாகாத நியமனம் செல்லாது. அம்மா இருக்கிறார், பிறகு பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அப்பாவுக்குப் பின் அம்மா சீவிய காலம் வரை காணியை ஆளலாம், தானாக வேறு ஒருவரை நியமிக்க முடியாது. பெர்மிட்டின் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். அக்கா தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.